ஆக்னஸ் மூர்ஹெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கப் படங்களைத் திரையிட்டு முடித்தபின் நடக்கும் உரையாடல்களில், கதாநாயகன் யார் என்று கேட்பவர்களைவிட "அந்த அத்தையாக வந்தவர் யார்?" என்று கேட்பவர்களே மிகுதி. பெரும்பாலும் அந்தக் கேள்விக்கு விடை ஆக்னஸ் மூர்ஹெட் என்பதாகவே இருக்கிறது. அதைத் தொடர்ந்து எழும் ஐயங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. ஆகவே, கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளியவற்றில் தொடங்கிச் சிக்கலானவற்றை நோக்கி வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

ஆக்னஸ் மூர்ஹெட் என்றால் யார்? நான் அவரை எதில் பார்த்திருப்பேன்?

மேடை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய நான்கிலும் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகள் இயங்கிய அமெரிக்கக் குணச்சித்திர நடிகை அவர். 1900 டிசம்பர் 6 அன்று பிறந்து, 1974 ஏப்ரல் 30 அன்று மறைந்தார். துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்கு நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டார்.

பழைய படங்களில் ஈடுபாடு உள்ளவர்கள் அவரை "சிட்டிசன் கேன்" படத்தின் தாயாக முதலில் பார்த்திருப்பார்கள். தொலைக்காட்சி வழியாக வந்தவர்களுக்கு அவர் "பிவிட்ச்ட்" தொடரின் சூனியக்கார மாமியார் எண்டோரா. இவர்கள் இருவரும் ஒரே ஆள் என்று தெரிந்ததும் வியப்படையாதவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

எந்த ஊர்க்காரர்? சின்ன வயதிலிருந்தே நடிகையா?

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிளின்டன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையின் போதகர். அவருடைய பணி மாறியதால் குடும்பம் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. நடிப்பில் இருந்த ஆர்வத்தைத் தந்தை தடுக்கவில்லை, ஆனால் முதலில் படிப்பை முடிக்க வேண்டும் என்றார். அப்படியே ஒஹையோவின் மஸ்கிங்கம் கல்லூரியில் உயிரியல் படித்து 1923-இல் பட்டம் பெற்றார். பிறகு விஸ்கான்சின் மாநிலத்தின் சோல்ஜர்ஸ் குரோவ் என்ற சிற்றூரில் பள்ளி ஆசிரியையாக இருந்தார்.

நியூயார்க்கிலுள்ள அமெரிக்க நாடகக் கலைக் கழகத்தில் சேர்ந்து 1929-இல் சிறப்புத் தகுதியுடன் தேறினார். அதாவது, பொருளாதாரப் பெருவீழ்ச்சி தொடங்கிய ஆண்டில், ஏறத்தாழ இருபத்தொன்பது வயதில், தொழிலுக்கு வந்திருக்கிறார். பிராட்வேயில் சிறுசிறு வேடங்கள்தாம் கிடைத்தன. தொடக்கக் காலத்தில் கையில் காசில்லாமல் தொடர்ந்து நான்கு நாள் சாப்பிடாமல் இருந்ததுண்டு என்று அவரே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

சில இடங்களில் 1906-இல் பிறந்தவர் என்று போட்டிருக்கிறதே, எது சரி?

1900 என்பதே சரி. 1906 என்பது வேடங்களுக்காக வயதைக் குறைத்துக் காட்ட அவரே சொல்லிவந்த ஆண்டு. அக்கால நடிகைகளிடம் இது வழக்கம்தான். ஆனால் இவர் விஷயத்தில் இதிலொரு வேடிக்கை இருக்கிறது: தம்மை ஆறு வயது இளையவராகச் சொல்லிக்கொண்டவருக்கு ஸ்டூடியோக்கள் தொடர்ந்து கொடுத்தவை எல்லாம் அவருடைய உண்மை வயதைவிடவும் மூத்த பெண்களின் வேடங்கள். இதைப் பற்றிக் கீழே வேடங்கள் குறித்த விடையில் விரிவாகச் சொல்கிறேன்.

சினிமாவுக்கு முன்பு வானொலியில் இருந்தார் என்கிறார்களே, அங்கே என்ன செய்தார்?

எல்லாம் செய்தார் என்பதுதான் விடை. 1930-களின் நியூயார்க் வானொலியில் ஒரு நடிகை ஒரே நாளில் பல நிலையங்களுக்கு ஓடி, ஒரு நாடகத்தில் பாட்டியாகவும் அடுத்ததில் குழந்தையாகவும் மூன்றாவதில் வெளிநாட்டு இளவரசியாகவும் பேசிவிட்டு வருவார். ஒலிப்பதிவு செய்து திருத்தும் வசதி நடைமுறையில் இல்லை. எல்லாம் நேரடி ஒலிபரப்பு. எழுத்துப் பிரதியைக் கையில் பிடித்து, ஒலிவாங்கியிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி நிற்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, ஒரு மூச்சிலேயே வயது, வர்க்கம், ஊர், மனநிலை எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். செய்திகளை நாடகமாக்கித் தந்த "தி மார்ச் ஆஃப் டைம்" நிகழ்ச்சியில் குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டின் குரலை அவர் நடித்துக் காட்டினார். துப்பறியும் தொடரான "தி ஷேடோ"வில் 1937 முதல் மார்கோ லேன் என்ற நாயகியின் குரலாக இருந்தார்.

அவருடைய திரை நடிப்பைப் புரிந்துகொள்ள இந்தப் பத்தாண்டுப் பயிற்சியே திறவுகோல் என்பது என் கருத்து. முகத்தை நம்பி வளர்ந்த நடிகைகளுக்குக் கேமரா அருகே வந்தால்தான் காட்சி அமையும். மூர்ஹெட் சட்டகத்தின் ஓரத்தில் முதுகு காட்டி நின்றாலும் காட்சி அவர் பக்கம் சாய்ந்துவிடும். அதைச் செய்வது அவருடைய குரல். பெயர்ப்பட்டியலில் அவர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்பதைப் பார்த்து அவருடைய பணியை அளக்கப் புகுந்தால் ஏமாற்றமே மிஞ்சும். காதைக் கொண்டு பின்தொடர்ந்தால் எல்லாம் ஒரே கோட்டில் வந்து நிற்கிறது.

ஆர்சன் வெல்ஸுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

பின்னாளில் "சிட்டிசன் கேன்" படத்தை இயக்கி, அதில் கேனாகவும் நடித்தவர் வெல்ஸ். "தி ஷேடோ" தொடரின் நாயகனாக 1937-இல் குரல் கொடுத்தவரும் அவர்தான். அவரும் ஜான் ஹவுஸ்மனும் தொடங்கிய மெர்க்குரி நாடகக் குழு 1938 ஜூலையில் வானொலிக்கு வந்தபோது, முதல் நாடகமான "டிராகுலா"விலேயே மூர்ஹெட் மினா பாத்திரத்தை ஏற்றார். ஆர்.கே.ஓ. என்ற திரைப்பட நிறுவனம் வெல்ஸைப் படம் எடுக்க ஹாலிவுட்டுக்கு அழைத்தபோது அவர் தம் குழுவினரையும் உடன் அழைத்துச் சென்றார். ஜோசப் காட்டன், ரே காலின்ஸ், ஜார்ஜ் கூலூரிஸ் ஆகியோரோடு மூர்ஹெட்டும் அப்படித்தான் திரைக்கு வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது ஆகப்போகிறது, வெல்ஸுக்கு இருபத்தைந்து.

"சிட்டிசன் கேன்" படத்தில் சில நிமிடங்கள்தானே வருகிறார், அதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

சில நிமிடங்கள்தான். கொலராடோவில் தங்கும் விடுதி நடத்தும் ஏழைத் தாய் மேரி கேன். வாடகை கொடுக்க முடியாத ஒருவர் விட்டுச்சென்ற பத்திரத்தால் அவர் பெரிய சுரங்கம் ஒன்றுக்கு உரிமையாளராகிறார். மகனை வங்கியாளர் தாட்சரின் பொறுப்பில் ஒப்படைக்கும் ஆவணத்தில் அவர் கையெழுத்திடுகிறார். கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவில் முன்னால் தாயும் வங்கியாளரும் மேசையில் அமர்ந்திருக்க, நடுவே தந்தை புலம்பிக்கொண்டு நிற்க, வெகு தொலைவில் சன்னலுக்கு வெளியே சிறுவன் பனியில் விளையாடுவது அதே தெளிவோடு தெரிகிறது. இந்தச் சட்டகத்தைப் பற்றித் திரைப்படப் பாடநூல்கள் நிறைய எழுதிவிட்டன.

அந்தச் சட்டகத்தில் மூர்ஹெட் செய்வதைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை. அவர் அழுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. மகனின் பெட்டியை ஒரு வாரத்துக்கு முன்பே கட்டி வைத்துவிட்டதாகச் சொல்லும்போது குரலில் உணர்ச்சியே இல்லை. அந்த வெறுமையே, அந்த ஒரு வாரம் அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறது. கணவன் பையனை அடிப்பதைப் பற்றிப் பேசியதும், அதனால்தான் அவன் கைக்கு எட்டாத இடத்தில் மகன் வளர வேண்டும் என்கிறார். இது கொடுமையா, தியாகமா என்று பார்வையாளர் முடிவு செய்ய முடியாதபடி அதைச் சொல்கிறார். மீதிப் படம் முழுவதும் அந்த மகன் தேடி அலைவது இந்தப் பெண்ணைத்தான் என்பதால், இந்தக் காட்சி பிசகியிருந்தால் படமே ஆட்டம் கண்டிருக்கும்.

"தி மக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்" படத்தின் ஃபேனி அத்தைதான் அவருடைய சிறந்த வேடமா?

என் கணக்கில் ஐயமின்றி ஆம். பூத் டார்கிங்டனின் நாவலைக் கொண்டு வெல்ஸ் 1942-இல் எடுத்த அந்தப் படத்தில், சரிந்துகொண்டிருக்கும் பணக்காரக் குடும்பத்தின் நிழலில் மணமாகாமல் வாழும் ஃபேனி மினாஃபர் அவர். தாம் விரும்பும் மனிதர் தம் அண்ணியையே விரும்புகிறார் என்பது ஃபேனிக்குத் தெரியும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் தெரியும். அதை வைத்து அவரைக் கேலி செய்வது அந்தக் குடும்பத்தின் பொழுதுபோக்கு. சமையலறையில் அண்ணன் மகன் ஜார்ஜ் ஸ்ட்ராபெரிப் பலகாரத்தை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருக்க, ஃபேனி சாதாரணமாகப் பேசுவதுபோல் தாம் விரும்புபவரைப் பற்றி ஒவ்வொரு செய்தியாகக் கேட்டு வாங்கும் நீண்ட காட்சியைக் கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. கேலி எல்லை மீறியதும் அவர் விம்மி எழுந்து ஓடுகிறார்.

இன்னும் கடினமானது கொதிகலன் காட்சி. சேமிப்பையெல்லாம் தவறான தொழிலில் போட்டு இழந்துவிட்ட செய்தியைச் சொல்லும் ஃபேனி, கொதிகலனில் சாய்ந்து தரையில் சரிகிறார். சுடும், எழுந்திரு என்கிறான் ஜார்ஜ். அது சுடவில்லை, இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள், குளிர்ந்துபோய்க் கிடக்கிறது, சுட்டாலும் எனக்குக் கவலையில்லை என்று சிரிப்பும் கதறலும் பிரிக்க முடியாதபடி கலந்து அவர் வெடிக்கிறார். இந்தக் காட்சியை வெல்ஸ் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் வேறொரு மனநிலையில், ஒத்திகை பார்க்கவைத்தார் என்று மூர்ஹெட் பின்னாளில் கூறியிருக்கிறார். அந்த ஒத்திகைகளின் சாயல்கள் எல்லாம் இறுதி வடிவத்தில் அடுக்கடுக்காகத் தங்கிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரே நிமிடத்துக்குள் ஃபேனி சிறுமியாகவும் கிழவியாகவும் ஆகிவிடுகிறார்.

நியூயார்க் விமர்சகர்கள் இதற்குச் "சிறந்த நடிகை" விருது கொடுத்தார்கள், ஆஸ்கரில் மட்டும் "துணை நடிகை" என்றார்கள். எப்படி?

நியூயார்க் திரை விமர்சகர் வட்டம் 1942-இல் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர்களிடம் துணை நடிகை என்ற பிரிவே இல்லை. எல்லா நடிகைகளும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். அந்தப் பட்டியலில் அவர் முதலில் வந்தார். ஆஸ்கர் நடத்தும் அகாடமியோ 1936-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே துணை நடிப்புக்குத் தனிப் பிரிவு வைத்திருந்தது.

எது தலைமை வேடம், எது துணை வேடம் என்பதற்கு அப்போது தெளிவான அளவுகோல் இல்லை. 1944-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் பாரி ஃபிட்ஸ்ஜெரால்டு ஏற்ற ஒரே வேடத்துக்காக இரண்டு பிரிவுகளிலும் பரிந்துரைக்கப்பட்டார் என்றால் குழப்பத்தின் அளவு புரியும். விதிகளை அதன் பிறகுதான் மாற்றினார்கள். ஸ்டூடியோவின் சம்பள ஒப்பந்தமும் சுவரொட்டியில் பெயர் வரும் இடமுமே பெரும்பாலும் ஒருவரைத் துணை நடிகையாக்கின. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: துணைப் பிரிவில் வென்றவர்களுக்கு அந்த நாள்வரை முழுச் சிலை கிடையாது, பலகை வடிவப் பட்டயம்தான். 1944-இல் நடந்த விழாவிலிருந்தே அவர்களுக்கும் சிலை கிடைத்தது.

நான்கு முறை பரிந்துரை, ஒரு முறைகூட வெற்றி இல்லை. யாராவது சதி செய்தார்களா?

சதி என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. "ஆம்பர்சன்ஸ்" ஆண்டில் வென்றவர் "மிஸஸ் மினிவர்" படத்தின் டெரசா ரைட். போர்க்காலத்தில் அந்தப் படத்துக்கு இருந்த ஆதரவு மிகப் பெரியது. போதாததற்கு ரைட் அதே ஆண்டில் வேறொரு படத்துக்காகத் தலைமை நடிகைப் பிரிவிலும் பரிந்துரைக்கப்பட்டிருந்தார். "ஆம்பர்சன்ஸ்" தோல்விப் படம். 1944-இல் "மிஸஸ் பார்க்கிங்டன்" படத்துக்காகப் போட்டியிட்டபோது எதிரே நின்றவர் அமெரிக்க நாடக மேடையின் மூத்த பேரரசி எதல் பாரிமோர். 1948-இல் "ஜானி பெலிண்டா"வுக்காக நின்றபோது "கீ லார்கோ" படத்தின் கிளேர் டிரெவர் வென்றார். 1964-இல் "ஹஷ்... ஹஷ், ஸ்வீட் சார்லட்" படத்துக்குக் கிடைத்த பரிந்துரையை "சோர்பா த கிரீக்" படத்தின் லீலா கெட்ரோவா முந்தினார்.

முதல் தோல்வி மட்டுமே எனக்கு உறுத்துகிறது. மற்ற மூன்றில் வென்றவர்களும் தகுதியானவர்களே. "மிஸஸ் பார்க்கிங்டன்", "ஸ்வீட் சார்லட்" இரண்டுக்கும் அவருக்குக் கோல்டன் குளோப் விருது கிடைத்தது. இதற்கிடையே 1948 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவை டிக் பவலுடன் சேர்ந்து தொகுத்து வழங்கியவரும் இவரே. பவலின் பெயர் கீழே வேறொரு காரணத்துக்காக மறுபடி வரும்.

"சாரி, ராங் நம்பர்" இவருடைய நாடகம்தானே? படமாக்கியபோது ஏன் பார்பரா ஸ்டான்விக்கிடம் கொடுத்தார்கள்?

சி.பி.எஸ். வானொலியின் "சஸ்பென்ஸ்" தொடரில் 1943 மே 25 அன்று ஒலிபரப்பான அரைமணி நாடகம் அது. எழுதியவர் லூசில் ஃபிளெட்சர். அப்போது அவருடைய கணவராக இருந்தவர், "சிட்டிசன் கேன்" படத்துக்கு இசையமைத்த பெர்னார்டு ஹெர்மன். படுக்கையைவிட்டு எழ முடியாத பணக்காரப் பெண் ஒருத்தி, தொலைபேசி இணைப்பு மாறியதால், இரண்டு ஆண்கள் ஒரு கொலைக்குத் திட்டமிடுவதைக் கேட்டுவிடுகிறாள். தொலைபேசி நிலையம், காவல் நிலையம் என்று யாரிடம் சொன்னாலும் எவரும் காதில் வாங்குவதில்லை. ஏறக்குறைய முழு நாடகமும் மூர்ஹெட்டின் குரல் ஒன்றே. அந்தப் பெண்ணை அவர் நல்லவளாகக் காட்டவே இல்லை. எரிச்சலூட்டுபவளாக, அதிகாரம் செய்பவளாகத் தொடங்கி, கேட்பவரை அவளிடம் வெறுப்புக் கொள்ளவைத்து, பிறகு அந்த வெறுப்பையே குற்ற உணர்வாக மாற்றுகிறார். வரவேற்பு மிகுந்ததால் அதே தொடரில் பிற்காலத்தில் பல முறை அவரைக் கொண்டே மறுபடி நேரடியாக நடத்தினார்கள்.

1948-இல் பாரமவுண்ட் அதைப் படமாக்கியபோது கதையை விரித்து, பெயருக்கே கூட்டம் சேரும் நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். மூர்ஹெட் படத்துக்கு ஆள் சேர்ப்பவர் அல்லர் என்பது ஸ்டூடியோக்களின் கணிப்பு. ஸ்டான்விக் மோசமாக நடித்தார் என்று சொல்வது அநியாயம். அவருக்கு அந்த வேடத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. அதே விழாவில் துணை நடிகைப் பிரிவில் "ஜானி பெலிண்டா"வுக்காக மூர்ஹெட் அமர்ந்திருந்தார். சிறந்த நடிகை விருதையோ "ஜானி பெலிண்டா"வின் நாயகி ஜேன் வைமன் கொண்டுபோனார். ஸ்டான்விக்கும் மூர்ஹெட்டும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

எப்போதும் கிழவி, கடுகடுத்த அத்தை, பொறாமைக்காரி. வேறு வேடமே கிடைக்கவில்லையா?

கிடைத்தது, குறைவாக. "மிஸஸ் பார்க்கிங்டன்" படத்தில் அவர் பகட்டான பிரெஞ்சுச் சீமாட்டி. அந்த நளினத்தைப் பார்த்தால் ஃபேனி அத்தையாக வந்தவர் இவர்தானா என்று தோன்றும். 1950-இல் வெளியான "கேஜ்ட்" படத்தில் பெண்கள் சிறையில் கைதிகளுக்காக வாதாடும் கண்காணிப்பாளர். மறுபுறம், 1947-இல் "தி லாஸ்ட் மொமென்ட்" படத்தில் 105 வயதுக் கிழவியாக நடித்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. அதே ஆண்டு "டார்க் பேசேஜ்" படத்தில் ஹம்ஃப்ரி போகார்ட்டைத் துரத்தும் மேட்ஜாக வந்து, கதாநாயகனைக் காட்டிலும் நினைவில் நின்றார்.

தாய் வேடங்களில் வயதுக் கணக்கு இன்னும் விசித்திரம். "சிட்டிசன் கேன்" படத்தில் மகனாக வந்த வெல்ஸ் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர் என்பதாவது பரவாயில்லை. 1956-இல் வெளியான "தி கான்கரர்" படத்தில் ஜான் வெயினுக்கு அவர் தாய். இருவருக்கும் இடையே ஏழு வயதுகூட இல்லை.

மேடையில் ஏதாவது பெரிதாகச் செய்தாரா?

1951-இல் சார்ல்ஸ் லாட்டன் இயக்கிய "டான் யுவான் இன் ஹெல்" அவருடைய வாழ்க்கையின் இன்னொரு சிகரம். பெர்னார்ட் ஷாவின் "மேன் அண்ட் சூப்பர்மேன்" நாடகத்தில் வழக்கமாக வெட்டப்படும் மூன்றாம் அங்கம் அது. லாட்டன், சார்ல்ஸ் போயே, செட்ரிக் ஹார்ட்விக், மூர்ஹெட் ஆகிய நால்வரும் மாலை விருந்து உடையில், எழுத்துப் பிரதியை முன்னால் வைத்து, ஒலிவாங்கிகளின் முன் அமர்ந்து வாசித்தார்கள். காட்சியமைப்பு கிடையாது. தத்துவ வாதம் நிரம்பிய அந்த உரையாடலை ஊர் ஊராகக் கொண்டுபோய் அரங்கம் நிறைத்தார்கள். வானொலி பற்றிய விடையில் சொன்ன பயிற்சி இங்கே எப்படிப் பயன்பட்டிருக்கும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

அவ்வளவு பெரிய நடிகை ஏன் "பிவிட்ச்ட்" போன்ற நகைச்சுவைத் தொடருக்குப் போனார்?

வருமானத்துக்காக என்பது ஒரு பகுதி விடை. 1960-களில் ஸ்டூடியோ அமைப்பு உடைந்துவிட்டது. அறுபதைக் கடந்த குணச்சித்திர நடிகைக்குத் தொலைக்காட்சியே நிலையான வேலை. ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1964 செப்டம்பர் முதல் 1972 மார்ச் வரை 254 பகுதிகள் ஓடிய அந்தத் தொடரில், மனிதனை மணந்துகொண்ட சூனியக்காரி சமந்தாவின் தாய் எண்டோரா அவர். மருமகனின் பெயரை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வதும், கோபம் வந்தால் அவனை வேறொன்றாக மாற்றிவிடுவதும் எண்டோராவின் அன்றாட வேலை. மேடையிலும் படத்திலும் நடிக்க நேரம் வேண்டும் என்பதால் எல்லாப் பகுதிகளிலும் தோன்றத் தேவையில்லாதபடி ஒப்பந்தம் செய்துகொண்டார்.

அந்த வேடத்தை அவர் ரசித்தார், ஆனால் சூனியக்காரியாக மட்டுமே நினைவுகூரப்படுவதை விரும்பவில்லை என்பதை வெளிப்படையாகவே சொன்னார். எண்டோராவுக்காக ஆறு முறை, தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. 1967-இல் எம்மி கிடைத்தது "தி வைல்ட் வைல்ட் வெஸ்ட்" தொடரின் ஒரே ஒரு பகுதியில் வில்லியாக வந்ததற்கு. விருதுக் குழுக்களின் போக்கு யாருக்குப் பிடிபட்டிருக்கிறது!

குரல்தான் அவருடைய பலம் என்கிறீர்கள். ஆனால் வசனமே இல்லாத நாடகம் ஒன்றிலும் நடித்தாராமே?

ஆம். "தி டுவைலைட் ஸோன்" தொடரில் 1961 ஜனவரி 27 அன்று வெளியான "தி இன்வேடர்ஸ்". தனிமையான பண்ணை வீட்டில் வாழும் பெண்ணின் வீட்டுக் கூரையில் சின்னஞ்சிறு விண்கலம் ஒன்று இறங்குகிறது. பகுதி முழுவதும் அவருக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. "சாரி, ராங் நம்பர்" நாடகத்தில் தனியாளாக நின்று சாதித்தவர் என்பதாலேயே இயக்குநர் டக்ளஸ் ஹேய்ஸ் இவரை நினைத்தார் என்பதுதான் சுவாரசியம்.

ஆனால் இது என் கருத்துக்கு எதிரான சான்று அன்று. சொற்கள் இல்லையே தவிர ஒலி இருக்கிறது: முனகல், இரைக்கும் மூச்சு, வலியில் எழும் ஓலம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்தப் பெண் எப்போது பயப்படுகிறாள், எப்போது பயம் வெறியாக மாறுகிறது என்பது விளங்கும். உடலசைவும் நேர்த்தியானது. இளமையில் செயின்ட் லூயிஸ் முனிசிபல் ஓபராவின் குழுவில் பாடி ஆடிய பழக்கம் அறுபது வயதில் கைகொடுத்திருக்கிறது.

சொந்த வாழ்க்கை பற்றி ஏதேதோ பேசுகிறார்களே, எது உண்மை?

ஜேக் லீ என்ற நடிகரை 1930-இல் மணந்து 1952-இல் பிரிந்தார். ராபர்ட் கிஸ்ட் என்ற நடிகருடன் 1954-இல் நடந்த இரண்டாவது திருமணமும் 1958-இல் முறிந்தது. வளர்ப்பு மகன் ஒருவர் இருந்தார். ஆழ்ந்த சமயப் பற்றுள்ளவர். அவர் இறந்த பிறகு அவருடைய பாலியல் நாட்டம் பற்றி வதந்திகள் அச்சேறின; சிலர் உறுதியாகச் சொன்னார்கள், அவருடைய நெருங்கிய தோழியான நடிகை டெபி ரெனால்ட்ஸ் மறுத்தார். மூர்ஹெட் தாமாக எதுவும் சொல்லிச் சென்றதில்லை. அதற்குமேல் ஊகிப்பதில் எனக்கு ஆர்வமும் இல்லை.

"தி கான்கரர்" படப்பிடிப்பில் அணுக்கதிர் பட்டதால்தான் அவருக்குப் புற்றுநோய் வந்தது என்பது உண்மையா?

உறுதியாகச் சொல்ல முடியாது, ஒதுக்கிவிடவும் முடியாது. ஹவர்ட் ஹியூஸ் தயாரித்து டிக் பவல் இயக்கிய அந்தப் படத்தின் வெளிப்புறக் காட்சிகள் 1954-இல் யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் அருகே எடுக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு நெவாடா சோதனைத் தளத்தில் பதினொரு அணுகுண்டுகளை வெடித்திருந்தார்கள். காற்று வீசிய திசையில் இருந்த செயின்ட் ஜார்ஜ் பகுதியில் கதிரியக்கத் தூசி படிந்தது. போதாக்குறைக்கு, ஸ்டூடியோவுக்குள் எடுக்க வேண்டிய காட்சிகளுக்காக அந்த மண்ணையே லாரிகளில் ஏற்றி ஹாலிவுட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிற்காலத்தில் பவல், நாயகி சூசன் ஹேவார்ட், ஜான் வெயின், மூர்ஹெட் ஆகிய நால்வரும் புற்றுநோயால் இறந்தார்கள். 220 பேர் கொண்ட குழுவில் 91 பேருக்கு அந்த நோய் வந்ததாக 1980-இல் "பீப்பிள்" இதழ் எழுதியது.

இந்த எண் முதல் பார்வையில் திகைக்கவைக்கிறது. ஆனால் அமெரிக்கர்களில் ஐந்தில் ஏறக்குறைய இருவருக்கு வாழ்நாளில் ஏதோவொரு புற்றுநோய் வருகிறது என்பதோடு ஒப்பிட்டால் 220-இல் 91 என்பது அந்த அளவையொட்டியே இருக்கிறது. வெயின் போன்றவர்கள் கடுமையாகப் புகைபிடித்தவர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு தனிமனிதரின் நோய்க்கு எது காரணம் என்று இந்த வகைக் கணக்கு சொல்லாது. அதே வேளையில், அந்தப் பகுதியிலேயே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த மக்கள் கதிரியக்கத்தால் பாதிக்கப்பட்டதை அமெரிக்க அரசே ஏற்று 1990-இல் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. நடிகர்களைப் பற்றிப் பேசும்போது அந்த ஊர்க்காரர்களை மறந்துவிடுவது எனக்கு எப்போதும் சங்கடமாக இருக்கிறது.

மூர்ஹெட்டுக்கு வந்தது கருப்பைப் புற்றுநோய். 1973 நவம்பரில் பிராட்வேயில் தொடங்கிய "ஜீஜீ" இசை நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவர் நோயால் இடையில் விலக நேர்ந்தது. மினசோட்டாவின் ராச்செஸ்டரில் காலமானார். ஒஹையோவின் டேட்டனில் அடக்கம் செய்யப்பட்டார்.

"ஆம்பர்சன்ஸ்" படத்தில் அவர் நடித்த சில காட்சிகள் அழிந்துவிட்டன என்கிறார்களே, அவை இனிக் கிடைக்குமா?

1942 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் பொமோனாவில் முன்னோட்டமாகக் காட்டியபோது பார்வையாளர்களில் பலர் பொறுமையிழந்தார்கள். உச்சமான காட்சிகளில் சிரிப்பொலி எழுந்தது. வெல்ஸ் அப்போது பிரேசிலில் வேறு படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆர்.கே.ஓ. நாற்பது நிமிடத்துக்கும் மேல் வெட்டி, புதிய முடிவைச் சேர்த்து, 88 நிமிடப் படமாக வெளியிட்டது. வெட்டிய நெகட்டிவ் அழிக்கப்பட்டது. வெல்ஸுக்காக பிரேசிலுக்கு அனுப்பிய பிரதியைப் பலர் தேடியும் கிடைக்கவில்லை.

மூல முடிவு ஃபேனிக்கு உரியது. இப்போதைய படத்தில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் எல்லாம் இனிதாக முடிகிறது. வெல்ஸ் எடுத்த முடிவில், மலிவான தங்கும் விடுதியில் வாழும் ஃபேனியைப் பார்க்க அவர் காலமெல்லாம் விரும்பிய யூஜின் வருகிறார். அவர் பேசுவதோ வேறு யாரையோ பற்றி. திரைக்கதையும் சில நிழற்படங்களும் எஞ்சியிருக்கின்றன.

இவரைப் பற்றி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். எதில் தொடங்கட்டும்?

"சாரி, ராங் நம்பர்" நாடகத்தின் 1943 ஒலிபரப்பில் தொடங்குங்கள். அரைமணி நேரம்தான், இணையத்தில் எளிதில் கிடைக்கும், இருட்டில் தனியாகக் கேட்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அடுத்து "ஆம்பர்சன்ஸ்", அதன்பின் "தி இன்வேடர்ஸ்". நேரமிருந்தால் "ஸ்வீட் சார்லட்" பாருங்கள். பெட்டி டேவிஸும் ஒலிவியா டி ஹாவிலண்டும் மோதிக்கொள்ளும் படத்தில், தலை கலைந்த வேலைக்காரி வெல்மாவாக வந்து மாடிப்படியில் ஒரு காட்சியைத் தனதாக்கிக்கொள்கிறார். "தி கான்கரர்" படத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்காமல் விட்டாலும் இழப்பில்லை.